ஆவுடையின் இன்ஜின்

காவல்கிணற்றைத் தாண்டியதும் காற்று ஆளைத் தள்ளும். மலை இடுக்கு வழியாக வருகிற காற்று. ஆடி பிறந்துவிட்டால் பேசுகிற வார்த்தையை வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விடும். அங்கே காற்றாலைகளுக்கு நடுவில், சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளடங்கி, லீதியாள் மேஸ்திரியின் ஷெட் இருந்தது. பெயர்ப்பலகை கிடையாது. தேவைப்பட்டவர்கள் விசாரித்து வந்துவிடுவார்கள்.

பழைய இன்ஜினைப் பிரித்துக் கட்டுவதும், ஒரு வண்டியின் இன்ஜினை எடுத்து இன்னொரு வண்டியில் வைப்பதும் அங்கே வேலை. மேஸ்திரிக்கு முப்பத்தைந்து வயது இருந்தால் அதிகம். அவளிடம் வேலை கற்றுக்கொண்ட பலவேசம் ஐம்பதைத் தொட்டவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை மேஸ்திரி என்பார். இதில் அவர்கள் இருவருக்கும் ஒரு கூச்சமும் இருந்ததில்லை. வந்து போகிறவர்களுக்குத்தான் இருந்தது.

பலவேசம் வேலை கற்க வந்தவர் அல்ல. ஓர் இன்ஜினோடு வந்தவர்.

லோடு ஆட்டோவில் தார்ப்பாய் போட்டு மூடிக் கொண்டுவந்தார். மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"என்ன அண்ணாச்சி?"

"டீசல் இன்ஜின். என் வண்டியில வச்சுத் தரணும்."

"உங்க வண்டி இன்ஜினுக்கு என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. நல்லா ஓடுது."

மேஸ்திரி தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். இன்ஜினின் முன்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அதைத் தாங்கியிருந்த கம்பிகள் மட்டும் பின்னாலிருந்து நெளிந்து வந்திருந்தன.

"பின்னால இருந்து இடிச்சிருக்கு."

"லாரி."

"ஓட்டினது யாரு?"

"எம் மவன். ஆவுடை."

அவள் தார்ப்பாயை மெல்லக் கீழே விட்டாள்.

ஆவுடை டாக்ஸி ஓட்டினான். காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்புவான். பிள்ளையார் கோயில் முக்கில் வண்டி திரும்பும்போதே அடுப்படியில் இருக்கும் அவன் அம்மா பகவதிக்குச் சத்தம் தெரிந்துவிடும். தெருவில் எத்தனை வண்டி வந்தாலும் அவளுக்கு அந்தச் சத்தம் தனி. அவன் பெயர் வெட்டிய எவர்சில்வர் தட்டை எடுத்து முந்தானையால் துடைத்து வைப்பாள். வண்டி வாசலில் நிற்கும்போது சோறு தட்டில் இருக்கும். அவன் போன பிறகு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அழக்கூட இல்லை. பொழுது சாய்ந்தால் தட்டோடு வந்து வாசலில் நிற்பாள். இருட்டியதும் உள்ளே போவாள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுப் பலவேசம் சொன்னார்: "வண்டியப் பழைய இரும்புக் கடையில போட்டுட்டாவ. தேடிப் பிடிச்சு இன்ஜினை மட்டும் வாங்கிட்டேன். இந்தச் சத்தம் ஒரே ஒரு தடவ அந்த முக்குல திரும்பிச்சுன்னா அவ பேசிருவா, மேஸ்திரி."

"ஓடுற இன்ஜினைக் கழத்தி வச்சிட்டு இத வைக்கணும். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"நான் செய்ய மாட்டேன்."

பலவேசத்துக்கு முகம் விழுந்துவிட்டது.

"நீங்க செய்யுங்க," என்றாள் மேஸ்திரி. "நான் சொல்லித் தாரேன்."

அப்படித்தான் அவர் சீடர் ஆனார்.

*

ஷெட்டின் தகரக் கூரையில் ஓர் ஓட்டை இருந்தது. தகரம் உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் கிழிந்திருந்தது. அது வழியாக விழும் வெயில் வட்டம் காலையில் சுவரில் இருக்கும். உச்சி வேளையில் தரைக்கு வரும். சாயங்காலம் எதிர்ச்சுவரில் ஏறி மறையும். காற்று பலமாக அடித்தால் அந்த ஓட்டை ஊளையிடும்.

முதல் நாளே பலவேசம் கேட்டார்.

"மேஸ்திரி, அந்த ஓட்டைய அடைக்கலியா?"

"அடைக்கல."

"மழை வந்தா?"

"தண்ணி விழும்."

ஓட்டைக்குக் கீழே சுவரோரம் ஒரு பலகை சாத்தி வைத்திருந்தது. இரண்டு கையகலம் இருக்கும். நடுவில் கரி வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்திருந்தன.

"பலகை எதுக்கு?"

"கட்டின இன்ஜினை மொதல்ல ஸ்டார்ட் பண்ணும்போது, கட்டினவங்க இதக் கையில பிடிச்சுக்கிட்டு, காத்து உள்ள போற வாய்கிட்ட நிக்கணும். இந்த ஷெட்டுல அதுதான் வழக்கம்."

"எதுக்கு நிக்கணும்?"

"டீசல் இன்ஜின் சிலது பேச்சு கேக்காது. சாவிய எடுத்தாலும் ஓடும். டீசல் குழாயக் கழத்திப் போட்டாலும் ஓடும். ஓட ஓட வேகம் ஏறிக்கிட்டே போவும். நிப்பாட்ட ஒரே வழிதான். காத்து வாய மூடணும்."

"சாவியும் இல்லாம, டீசலும் இல்லாம, என்னத்தக் குடிச்சு ஓடும்?"

"அதப் பிறகு சொல்லுதேன்."

"மூடலைன்னா?"

மேஸ்திரி நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள்.

"அந்த ஓட்டையப் போட்ட இன்ஜினைக் கட்டினது எங்க அப்பா. பலகை கையிலதான் இருந்துச்சு."

"பிறகு ஏன்?"

"நல்ல சத்தமா இருக்குன்னு கேட்டுக்கிட்டே நின்னாவ."

பலவேசமும் நிமிர்ந்து அந்த ஓட்டையைப் பார்த்தார்.

*

அவருக்குக் கை சுத்தம். இருபது வருஷம் வண்டி ஓட்டியவர். எந்தப் போல்ட் எவ்வளவு முறுக்கு கேட்கும் என்பது அவர் மணிக்கட்டுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் ஆவுடையின் இன்ஜினைப் பிரிக்க அவர் எடுத்துக்கொண்ட நேரம் கொஞ்சநஞ்சமல்ல. கழற்றிய ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, வேட்டித் துணியில் துடைத்து, கழற்றிய வரிசையில் அடுக்கினார். பிரசவ வீட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவர்கூட அத்தனை பதமாகத் தொடமாட்டார்.

மேஸ்திரி அவசரப்படுத்தவில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் இன்ஜினின் பின்னால் இருக்கும் பெரிய சக்கரத்தில், மேலிருந்து கீழாக ஒரு சுண்ணாம்புக் கோடு போடுவாள். மறுநாள் காலையில் அந்தக் கோடு நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

ஒரு காலையில் கோடு ஒரு சாண் தள்ளி இருந்தது.

பலவேசத்துக்கு உடம்பு சிலிர்த்தது. "மேஸ்திரி! இது தானாத் திரும்பியிருக்கு."

மேஸ்திரி வந்து பார்த்தாள். பூட்டைப் பார்த்தாள். பூட்டு சரியாகத்தான் இருந்தது. அதன் சாவி இருவரிடமும் உண்டு.

"நீங்க தொட்டியளா?"

"சாமி சத்தியமாத் தொடல. இப்பத்தான் வாரேன்."

மறுநாளும் கோடு தள்ளி இருந்தது. அதற்கு மறுநாளும். பலவேசத்தின் முகத்தில் பயம் போய், வேறு ஏதோ ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"அவன்தான் மேஸ்திரி. வீட்டுக்கு வரணும்னு தவிக்கான்."

மேஸ்திரி அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பினாள். உள்ளங்கையில், ரேகைகளுக்குள், வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

பலவேசம் தன் கையை யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தார். வீட்டிலிருந்து எப்போது கிளம்பினோம் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

"கையக் கழுவிட்டு வாங்க," என்றாள் மேஸ்திரி. "ரிங் பாக்கணும்."

*

பிஸ்டனைச் சுற்றி இருக்கும் மெல்லிய வளையங்களுக்கு ரிங் என்று பெயர். எரிவது மேலே இருக்க, எண்ணெய் கீழே இருக்க, நடுவில் நின்று காவல் காப்பது அதுதான். மேஸ்திரி ஒரு ரிங்கை எடுத்து அது ஓடிய சிலிண்டர் குழிக்குள் வைத்து, அதன் இரு முனைக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அளவுத் தகட்டை விட்டுக் காட்டினாள். ஒன்றுக்குப் பதில் மூன்று தகடு சேர்ந்து உள்ளே போனது.

"தேஞ்சு போச்சு. எல்லாத்தையும் மாத்தணும்."

"மாத்தினா சத்தம் மாறுமா?"

"மாறும்."

"இது அவன் ஓட்டித் தேஞ்சது, மேஸ்திரி."

"தேஞ்சது தேஞ்சதுதான், அண்ணாச்சி. யாரு ஓட்டினாலும்."

பலவேசம் மறுபேச்சு பேசாமல் நாகர்கோவிலுக்குப் போய்ப் புது ரிங் வாங்கி வந்தார். மேஸ்திரி பக்கத்தில் நின்று எப்படிப் போடுவது என்று காட்டினாள். மதியம் அவள் லேத்துப் பட்டறைக்குக் கிளம்பினாள்.

அவள் தலை மறைந்ததும் அவர் எழுந்தார். புது ரிங்குகளைக் காகிதம் பிரிக்காமல் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தார். பழசைத் துடைத்து, ஒவ்வொன்றையும் அது இருந்த பிஸ்டன் காடியிலேயே திரும்ப மாட்டினார். மகனுக்குச் சட்டை பட்டன் போட்டுவிடுகிற நினைப்பில்தான் அதைச் செய்தார். தப்பு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தார். தேய்ந்திருந்த கிளட்ச் பிளேட்டையும் மாற்றாமல் பழசையே வைத்தார்.

ஷெட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. கழற்றிய பழைய சாமானைக் கண்ணில் காட்ட வேண்டும். சாயங்காலம் மேஸ்திரி கை நீட்டினாள்.

"பழைய ரிங் எங்க?"

குப்பை டிரம்மிலிருந்து பொறுக்கி வைத்திருந்த வேறு எதனுடைய ரிங்குகளையோ பலவேசம் கொடுத்தார். மேஸ்திரி அதில் ஒன்றை எடுத்து, கூரை ஓட்டை வழியாக வந்த வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"இது இந்த இன்ஜினோட ரிங்தானா, அண்ணாச்சி?"

"ஆமா."

"கட்டினவங்க சொன்னாச் சரி."

அவள் அதைத் திரும்ப அவர் கையிலேயே வைத்தாள்.

*

முதல் ஸ்டார்ட் அன்று காற்று இல்லை. காற்றாலைகள் எல்லாம் நின்றிருந்தன. அந்த ஊரில் அது நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று யாருக்கும் தெரியாது; அடிக்கடி நடப்பதில்லை.

இன்ஜின் இரும்புத் தாங்கியில் இருந்தது. பலவேசம் பலகையோடு காற்று வாய் பக்கத்தில் நின்றார். மேஸ்திரி சாவியைத் திருப்பினாள்.

இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது.

பலவேசத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அதே சத்தம். நடுநடுவே ஒரு சின்னத் தட்டல், கதவை விரல் முட்டியால் தட்டுகிறதுபோல. பிள்ளையார் கோயில் முக்கில் கேட்டது. வாசலில் கேட்டது. அவர் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். பலகை கையோடு சேர்ந்து கீழே தொங்கியது.

மேஸ்திரி வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, பலகையை இருக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுவந்தாள். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

அவள் சாவியை எடுத்தாள். இன்ஜின் உடனே நிற்கவில்லை. ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் ஓடி, பிறகு நின்றது.

"கேட்டியளா?" என்றாள்.

"கேட்டேன்," என்றார் பலவேசம் சந்தோஷமாக. "அவன் வண்டி எப்பவும் அப்படித்தான். வீட்டுக்கு வந்த பிறகும் நிக்க மனசு வராது."

அவருடைய வண்டியிலிருந்த நல்ல இன்ஜினைச் செயின் போட்டுத் தூக்கி எடுத்தார்கள். அதைச் சாக்கில் சுற்றி ஷெட்டின் மூலையில் வைத்தார்கள். ஆவுடையின் இன்ஜின் அந்த இடத்தில் இறங்கியது.

*

விளக்கு வைக்கிற நேரம். பிள்ளையார் கோயில் முக்கில் பலவேசம் வண்டியைத் திருப்பினார். தெரு நாய் ஒன்று எழுந்து வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. வண்டியை மோந்தது. பிறகு வாலைத் தாழ்த்திக்கொண்டு பின்னால் நகர்ந்தது.

வாசலில் பகவதி நின்றிருந்தாள். கையில் தட்டு.

வண்டி நின்றது. அவள் முகம் மலர்ந்தது. எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த முகத்தை அப்படிப் பார்க்கிறார்! பலவேசம் கதவைத் திறந்து இறங்கினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவரைத் தாண்டி, திறந்த கதவுக்குள் குனிந்து, ஓட்டுகிற சீட்டைப் பார்த்தாள்.

"அவன் எறங்கலியா?" என்று கேட்டாள்.

எப்படியோ அவள் பேசிவிட்டாள். அது போதும் என்று நினைத்தார்.

"வருவான்," என்றார்.

மறுநாளும் அதே நேரத்துக்கு வண்டியைத் திருப்பினார். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு நாளும் அவள் அதையே கேட்டாள். ஒவ்வொரு நாளும் அவர் அதையே சொன்னார். அவள் குழம்பு வைத்தாள், அவனுக்குப் பிடித்த கருவாடு பொரித்தாள், தட்டில் சோறு போட்டு மூடி வைத்தாள். இருட்டியதும் அதை எடுத்து மாட்டுத் தொட்டியில் கொட்டினாள்.

ஷெட்டுக்கு வந்து சொன்னார்: "வீட்டுக்காரி பேசுதா, மேஸ்திரி!"

மேஸ்திரி ஒரு கேஸ்கட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். "யார்கிட்ட?"

அவர் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"ஆயில் குறையுதா?"

"இல்ல."

அவள் தலையைத் திருப்பி அவருடைய வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். புகைக்குழாயைச் சுற்றி ஈரமாகக் கறுத்திருந்தது. அவர் வரும்போது ஷெட்டின் மறைவில் விட்ட புகை நீல நிறமாக இன்னும் கலையாமல் நின்றது. சீட்டுக்கு அடியில் காலி ஆயில் டப்பாக்கள் கிடந்தன. தினமும் காலையில் அவர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு நானும் வாரேன் உங்க வீட்டுக்கு," என்றாள். சுவரோரம் போய்ப் பலகையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

பலவேசம் சிரித்தார். "மொத மொதல்ல வீட்டுக்கு வாரிய. பலகையோடயா வருவாவ?" அவள் கக்கத்திலிருந்து அதை வாங்கித் திரும்பவும் சுவரில் சாத்தினார்.

மேஸ்திரி அவரையே பார்த்தாள். பிறகு வண்டியில் ஏறினாள்.

*

முக்கில் திரும்பும்போதே சத்தம் வேறாக இருந்தது. பலவேசம் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் வண்டி இழுத்தது. வாசலில் பிரேக்கை அழுத்தி நிறுத்தினார். சாவியை எடுத்தார்.

இன்ஜின் ஓடியது.

ஒரு மூச்சு நேரம் கடந்தது. இரண்டு, மூன்று கடந்தது. சத்தம் குறையவில்லை, ஏறியது. பலவேசம் இறங்கி ஓடி முன்மூடியைத் தூக்கினார். டீசல் குழாயைப் பிடுங்கினார். டீசல் தரையில் கொட்டியது. இன்ஜின் ஓடியது. திரும்ப உள்ளே ஏறி, கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்சை விட்டார். அதுவாவது அடக்கும் என்று பார்த்தார். தேய்ந்த கிளட்ச் கருகி நாறியதே தவிர இன்ஜின் அடங்கவில்லை. வாசல் முழுக்க நீலப் புகை நிறைந்தது. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

புகைக்குள்ளிருந்து பகவதி வந்தாள். கையில் வெறும் தட்டு. அவளுக்குப் பயமே இல்லை. இன்ஜின் பக்கத்தில் போய், ஒரு கை தூரத்தில், குனிந்து கேட்டாள்.

"எம்மா, என்ன வேகமா வாரான்!" என்றாள். சிரித்தாள். "மெல்ல வாப்பா. சோறு ஆறிடாது."

"பகவதி, தள்ளிப் போ!"

அவள் நகரவில்லை. இன்ஜின் கத்தியது. அதனுள் இருந்த அந்தச் சின்னத் தட்டல் இப்போது கதவை உடைக்கிற இடியாகிவிட்டது. அடுத்து என்ன நடக்கும் என்பதைப் பலவேசம் ஷெட்டின் கூரையில் தினமும் பார்த்திருந்தார்.

"மேஸ்திரி! மூடுங்க மேஸ்திரி!"

மேஸ்திரி பகவதிக்கு முன்னால் வந்து, இன்ஜினுக்கும் அவளுக்கும் நடுவில் தன் முதுகைக் கொடுத்து நின்றாள். அங்கிருந்து அசையவில்லை.

"கட்டினவங்கதான் மூடணும், அண்ணாச்சி."

"பலகை இல்லையே!"

மேஸ்திரி பகவதியின் கையைப் பார்த்தாள்.

பலவேசம் காற்றுக்குழாயை இழுத்துப் பிடுங்கிக் காற்று வாயைத் திறந்தார். அது காற்றை உறிஞ்சுகிற சத்தம் தனியாகக் கேட்டது. திரும்பி, மனைவி கையிலிருந்த தட்டைப் பிடித்தார். அவள் விடவில்லை.

"அது அவன் தட்டு."

"தா, பகவதி."

"வந்துட்டான். எறங்கப் போறான். எதுல சாப்பிடுவான்?"

அந்த வீட்டில் இதுவரை யாரும் சொல்லாததை, பிணம் வந்த அன்றுகூட அவர் வாய்விட்டுச் சொல்லாததை, அப்போது சொன்னார்.

"அவன் வரமாட்டான், பகவதி. அவன் செத்துப் போயிட்டான்."

அந்த இரைச்சலில் அது அவளுக்குக் கேட்டதா தெரியாது. அவர் உதட்டைப் பார்த்தாள். விரல்கள் தளர்ந்தன.

அவர் தட்டைத் திருப்பிக் காற்று வாயில் வைத்து இரு கையாலும் அழுத்தினார். தட்டு 'டப்'பென்று ஒட்டிக்கொண்டது. நடுப்பகுதி உள்ளே குழிந்தது. இன்ஜின் முழு உடம்பையும் உதறியது. ஒருமுறை விம்மியது. நின்றது.

அதன் பிறகு தெருவில் காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

பகவதி வாசற்படியில் உட்கார்ந்தாள். முதலில் முனகல் மாதிரித்தான் வந்தது. பிறகு பெருங்குரலெடுத்து அழுதாள். அத்தனை மாதம் அழாத அழுகை. பலவேசம் சூடான இரும்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அழுகை ஓய வெகுநேரம் ஆனது. அவர் குனிந்து ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தார். நுனிவரை காய்ந்திருந்தது. காலையில்தான் முழுக்க ஊற்றியிருந்தார். மேஸ்திரி அந்தக் கம்பியைப் பார்த்தாள்.

ஒட்டியிருந்த தட்டைப் பெயர்த்து எடுத்தாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குழி விழுந்து, சுற்றிலும் கரி வட்டம் பதிந்திருந்தது. விளிம்பில் ஆவுடை என்ற பெயர் அப்படியே இருந்தது. அவளே தண்ணீர்த் தொட்டிக்குப் போய்ச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்தாள்.

"அக்கா, பசிக்குது. சோறு இருக்கா?"

பகவதி நிமிர்ந்து பார்த்தாள். அடுப்படியில் மூடி வைத்த சோறு இருந்தது. அது யாருக்கு என்று மூன்று பேருக்கும் தெரியும்.

"வேற தட்டு எடுக்கேன்," என்றாள்.

"இதுல போடுங்க."

பகவதி கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே தடவிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போனாள். சோறு வந்தது. குழம்பு குழியில் போய்த் தேங்கியது. மேஸ்திரி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டாள். தட்டை நகர்த்தி பகவதியின் முன்னால் வைத்தாள்.

"நீங்க கடைசியா என்னைக்கு உக்காந்து சாப்பிட்டிய, அக்கா?"

பகவதி யோசித்தாள். வளையல் முழங்கைவரை ஏறிக்கிடந்த கையால் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தாள்.

"தெரியலையே, தாயி," என்றாள்.

மேஸ்திரி பலவேசத்தின் பக்கம் திரும்பினாள். காய்ந்த கம்பி இன்னும் அவர் கையில் இருந்தது.

"மொத நாள் கேட்டியளே அண்ணாச்சி, அது என்னத்தக் குடிச்சு ஓடும்னு."

பலவேசம் காய்ந்த கம்பியைப் பார்த்தார்; தன் எண்ணெயையே குடித்து ஓடிய இன்ஜினைப் பார்த்தார்; பிறகு பகவதியின் மெலிந்த கையைப் பார்த்தார்.